கட்டில் வாங்குங்கள்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். எனக்கு 38 வயது. கிண்டியில் வேலை, பெரம்பூரில் வாடகை வீட்டில் தனியாக இருக்கிறேன். 27 வயதிலிருந்து திருமணத்துக்காக ஜெபிக்கிறேன். வெள்ளிக்கிழமை உபவாசம் விட்டதில்லை. டிசம்பர் 31 இரவு சபையில் வருஷத்துக்கு ஒன்றாக எடுத்த வாக்குத்தத்த வசன அட்டைகள் பதினொன்றும் பைபிளுக்குள் இருக்கின்றன. அதில் நான்கு, எரேமியா 29:11. போன வருஷம் வந்த ஊழியர் ஒருவர், "வருகிற ஈஸ்டருக்குள் உனக்கு ஓலை (சபையில் திருமண அறிவிப்பு) வாசிப்பார்கள்" என்று எல்லார் முன்னாலும் தீர்க்கதரிசனம் சொன்னார். ஈஸ்டர் போய்விட்டது. இப்போது விசுவாசக் குறைவு என்கிறார்கள், ஆசீர்வாதம் கிடைக்கும் என்று விதைக் காணிக்கையாகப் பணம் போடச் சொல்கிறார்கள். கோவைக்கு வந்த பதவி உயர்வை இரண்டு முறை வேண்டாம் என்றுவிட்டேன். கட்டில்கூட வாங்கவில்லை, கல்யாணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பாயில்தான் படுக்கிறேன். ஜெபத்தை நிறுத்திவிடவா? சபை மாறவா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஜெபத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். எனக்கோ அந்தப் பாயைத் தாண்டி வர முடியவில்லை.

விதைக் காணிக்கைக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அதற்குமேல் அதில் பேச ஒன்றுமில்லை. விசுவாசக் குறைவு என்பவர்களுக்கு மாற்கு சுவிசேஷம் 9-ஆம் அதிகாரத்தைக் காட்டுங்கள். பிள்ளையைக் கொண்டுவந்த தகப்பன், என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும் என்று அழுதான். குறையை ஒப்புக்கொண்டவனை இயேசு திருப்பி அனுப்பவில்லை, பிள்ளை சுகமானான். பதினோரு வருஷம் வெள்ளி தவறாத ஒரு பெண்ணிடம் அந்த வார்த்தையைச் சொல்ல இவர்களுக்கு எப்படி நா வந்தது?

அட்டைக்கு வருகிறேன். கொஞ்ச நாளாகவே இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கையில் அடங்கும் அளவு, பின்னணியில் ஒரு ரோஜாவோ சூரிய உதயமோ, மேலே வசனம்: உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன், அவை தீமைக்கல்ல. அவ்வளவுக்குத்தான் அதில் இடம். பத்தாம் வசனத்துக்கு இடமில்லை. பத்தாம் வசனம் என்ன சொல்கிறது தெரியுமா? பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பிறகு உங்களைச் சந்திப்பேன் என்கிறது.

இனி எந்த அட்டை எடுத்தாலும், அன்று இரவே அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசியுங்கள். யார் பேசுகிறார், யாரிடம், எப்போது, முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று நாலு கேள்வி கேளுங்கள். எரேமியா 29 ஒரு கடிதம். கி.மு. 597-இல் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ராஜாவையும் தச்சரையும் கொல்லரையும் சிறைபிடித்துப் போனான். அவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதியது. அங்கே "உங்கள்" என்பது ஒரு ஜனம் முழுவதையும் குறிக்கிறது. அதைக் கேட்ட முப்பது வயதுக்காரர் அந்த எழுபதின் முடிவைக் கண்ணால் பார்த்திருக்க வழியில்லை. அவருக்கும் சேர்த்துத்தான் அந்த வாக்கு.

முந்தின 28-ஆம் அதிகாரத்துக்குப் போனால் உங்கள் ஊழியரைப் போல ஒருவரும் இருக்கிறார். பெயர் அனனியா. எல்லார் முன்னாலும் நின்று, இரண்டே வருஷம், பாபிலோனுக்குப் போனதெல்லாம் திரும்பி வரும் என்றான். எரேமியா உடனே சீறவில்லை. ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக என்றார். அவருக்கும் அது நடக்கவேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் ஆசை வேறு, வாக்கு வேறு. உபாகமம் 18:22 தெளிவாகச் சொல்கிறது: சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை, சொன்னவனுக்கு நீ பயப்படவேண்டாம். தேதி குறித்தவர் பதில் சொல்லவேண்டிய இடத்தில் நீங்கள் ஏன் தலைகுனிந்து நிற்கிறீர்கள்?

ஜெபத்தை நிறுத்தவேண்டாம். அப்போஸ்தலர் பவுல் தன்னை வாட்டிய ஒரு முள் நீங்கும்படி மூன்று தரம் கேட்டு நிறுத்தினார், அவருக்குப் பதில் வந்துவிட்டது. உங்களுக்கு வரவில்லை, கேளுங்கள். ஆனால் விதத்தை மாற்றுங்கள். சங்கீதம் 13-ஐ ஒரு தாளில் கையால் எழுதுங்கள், ஆறே வசனம். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" என்று திரும்பத் திரும்ப வரும். அங்கே உங்கள் பதினோரு வருஷத்தைப் பெயர் சொல்லி வையுங்கள்: யார் வீட்டு நிச்சயதார்த்தம், எந்த ஞாயிறு யாருடைய ஓலை. மூன்றிலும் நான்கிலும் வேண்டியதைக் கேளுங்கள், ஒரே தடவை, சுற்றி வளைக்காமல். ஐந்தும் ஆறும் நம்பிக்கை, பாட்டு. நம் ஜெபக்கூட்டங்களில் முதல் நான்கையும் தாண்டி நேரே ஐந்துக்கு ஓடுகிறோம். முறையிடாமல் ஸ்தோத்திரம் மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தால் கசப்பு அடியில் தங்கிவிடும். ஒருநாள் முழங்கால் போட்டால் வார்த்தையே வராது. ஐந்தாம் வசனம் வாயில் வரவில்லையா, அன்றைக்கு நான்கோடு எழுந்துவிடுங்கள். சங்கீதம் 88 கடைசிவரை இருட்டுதான். அதையும் வேதத்தில் வைத்துத்தானே இருக்கிறார்கள்?

இப்போது பாய். அதே 29-ஆம் அதிகாரம், ஐந்தாம் வசனம்: வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள். எழுபது வருஷம் காத்திருக்கிறவர்களுக்குத் தேவன் கொடுத்த வேலை இது. மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்காரச் சொல்லவில்லை. ஆறாம் வசனம் விவாகத்தைத்தானே சொல்கிறது என்பீர்கள். ஆமாம், சொல்கிறது, அது உங்களுக்கு வலிக்கும் என்றும் தெரியும். வரிசையைப் பாருங்கள். வீடும் தோட்டமும் முதலில். விவாகம் வந்தால்தான் வீடு என்று அங்கே எழுதவில்லை. இன்னொன்று: அந்தக் கடிதத்தை எழுதினவருக்கே விவாகம் இல்லை, பண்ணவேண்டாம் என்று கர்த்தர் சொல்லிவிட்டார், 16-ஆம் அதிகாரத்தில். உங்களுக்கும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல நான் யார்?

ஆனால் அவர் செய்த ஒன்றைப் பாருங்கள், 32-ஆம் அதிகாரம். நகரத்தைச் சுற்றிப் பாபிலோன் படை, எரேமியா காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அப்போது ஆனதோத்தில் ஒரு நிலம் வாங்குகிறார். பதினேழு சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். சாட்சிகள் கையெழுத்துப் போடுகிறார்கள். முத்திரை போட்ட பத்திரம் ஒன்று, திறந்த நகல் ஒன்று, இரண்டையும் மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார், நெடுநாள் கெடாமல் இருக்க. கிரயம் முடிந்த பிறகுதான் ஜெபம்: ஆண்டவரே, ஊரே எதிரி கையில் போகிறது, என்னை நிலம் வாங்கச் சொல்கிறீரே! குழப்பம் தீரட்டும், அப்புறம் வாங்கலாம் என்று அவர் இருக்கவில்லை. அந்த நிலத்தில் அவர் பயிரிட்டதாகவும் வேதத்தில் இல்லை. பின்னால் அவரை எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

நீங்கள் சம்பாதிக்கிற பெண், அம்மா. மார்கழியில் பாயில் படுத்து முதுகு வலிப்பதைக் கர்த்தர் உங்களிடம் கேட்கவில்லை. அதை விசுவாசம் என்று நினைத்துவிட்டீர்கள், பாவம். வரப்போகிறவருக்காகக் காலியாக வைத்திருக்கிற அந்த அறை உங்களுக்குக் கொடுக்கப்பட்ட அறை. அதில் நீங்கள் குடியிருக்கவேண்டும்.

ஆறேகால் அடிக்கு நான்கடி போதும். இலவம்பஞ்சு மெத்தை போடுங்கள், மாதம் ஒருமுறை மாடி வெயிலில் காயவைத்தால் பஞ்சு கட்டி தட்டாது. கட்டிலைப் போல்ட் கழற்றி மாட்டுகிற மாதிரி பாருங்கள், கோவைக்குப் போகும்போது லாரியில் ஏற்றச் சுலபமாக இருக்கும்.