எலும்பில் கத்தித் தடம் இருந்தால் ஆதிமனிதர்கள் நரமாமிசம் தின்றார்கள் என்று அர்த்தமா?

கென்யாவில் கிடைத்த ஆதிமனிதக் கால் எலும்பு ஒன்றில் கத்தித் தடம் இருப்பதாக 2023-ல் வந்த செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் தொல்லியல் படித்தவள் இல்லை, கறிக்கடைக்காரர் மகள். கல்யாணம் ஆகும்வரை ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அப்பாவோடு கடையில் நின்றவள். "இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்க நினைப்பவர்கள் முழுதும் படித்துவிட்டுக் கேளுங்கள்.

கத்தி எலும்பில் கண்ட இடத்தில் படாது. மூட்டைப் பிரித்தால் மூட்டோரம் படும். கறியை வழித்தால் தசை எலும்போடு இறுகப் பிடித்திருக்கும் இடத்தில் படும். தோலை உரிக்கும்போது, ஆட்டுக் காலில் கறியே இல்லாத கீழ்ப்பகுதியில் நேராக எலும்பை உரசும். ஓர் எலும்பைக் கையில் எடுத்தாலே வெட்டியது பழகின கையா, புதுக் கையா என்று அப்பா சொல்லிவிடுவார். நல்லி உடைப்பது இன்னொரு வேலை. பச்சை எலும்பை அடித்தால் சாய்வாகச் சுற்றிக்கொண்டு, வழவழப்பான விளிம்போடு பிளக்கும். காய்ந்த எலும்பு குறுக்கே சொரசொரப்பாக முறியும்.

ஆய்வாளர்களும் இதையேதான் பார்க்கிறார்கள், நுண்ணோக்கி வைத்து. கல் கத்தி கீறிய பள்ளம் ஒடுங்கி ஆழமாக இருக்கும், உள்ளே மெல்லிய இணைகோடுகள் ஓடும். விலங்கின் பல் பதிந்த பள்ளம் அகலமாக, அடி உருண்டு இருக்கும். டான்சானியாவின் ஓல்டுவாய் பள்ளத்தாக்கில் கிடைத்த, ஏறத்தாழ 18 லட்சம் ஆண்டுப் பழமையான விலங்கு எலும்புகளில் கல் கத்தித் தடங்கள் இருப்பதை 1981-ல் காட்டினார்கள். சிலவற்றில் கத்தித் தடமும் பல் தடமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்திருந்தன. எது மேலே இருக்கிறது என்று பார்த்தால் இரையிடம் முதலில் வந்தது யார் என்று தெரிந்துவிடும். மனிதன் வேட்டையாடினானா, சிங்கம் விட்டதைப் பொறுக்கினானா என்ற வாக்குவாதமே இந்தக் கீறல்களை வைத்துத்தான் நடக்கிறது.

இப்போது உங்கள் கென்ய எலும்பு. துர்கானா ஏரிப் பக்கம் 1970-ல் தொல்லியலாளர் மேரி லீக்கி கண்டெடுத்தது, 14.5 லட்சம் ஆண்டுப் பழையது. நைரோபி அருங்காட்சியகத்தில் பிரியானா போபினர் என்ற ஆய்வாளர் விலங்குப் பல் தடம் தேடிப் பார்த்தபோது கீறல்கள் கண்ணில் பட்டன. அச்செடுத்துச் சோதித்ததில் 11 தடங்களில் 9 கல் கத்தியுடையவை, 2 சிங்கம் போன்ற விலங்கின் பல். கத்தித் தடங்கள் எல்லாம் ஒரே திசையில், கெண்டைக்கால் தசை ஒட்டுகிற இடத்தில் இருந்தன. அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகமே வரவில்லை, அது கறி எடுத்த கை. ஆனால் எலும்பு எந்த ஆதிமனித இனத்தினுடையது, வெட்டியது எந்த இனம் என்று தெரியாததால், நரமாமிசம் என்று போபினரே அடித்துச் சொல்லவில்லை. தன் இனத்தையே தின்றால்தானே அந்தப் பேர்? வலுவான சான்று வேண்டுமானால் ஸ்பெயினின் அட்டபுவெர்கா குகைகளைப் பாருங்கள். அங்கே ஏறத்தாழ எட்டு லட்சம் ஆண்டுக்கு முந்தைய மனித எலும்புகளும் விலங்கு எலும்புகளும் ஒரே மாதிரி அறுக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே நடக்கவே இல்லை என்று நான் வாதாடவில்லை.

எனக்குக் கோபம் வருவது, கத்தித் தடத்தைப் பார்த்ததும் "கொடூரர்கள்" என்று முடிவுகட்டுவதில்தான். ரேமண்ட் டார்ட் என்ற ஆய்வாளர் தென்னாப்பிரிக்கக் குகை எலும்புகளைப் பார்த்துவிட்டு, நம் முன்னோர் எலும்பையே ஆயுதமாக வைத்திருந்த கொலைகாரர்கள் என்றார். பிறகு பாப் பிரெயின் என்ற இன்னொரு ஆய்வாளர், அதே நாட்டின் ஸ்வார்ட்கிரான்ஸ் குகையில் கிடைத்த ஆதிமனிதச் சிறுவனின் மண்டையோட்டில் இருந்த இரண்டு துளைகளும் சிறுத்தையின் கீழ்க்கோரைப் பற்களுக்குப் பொருந்துவதைக் காட்டினார். கொலைகாரன் என்று பேர் வாங்கியவன் இரையாகிக் கிடந்திருக்கிறான்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நானும் என் கணவரும் வீடு பார்த்து, முன்பணம் வரை பேசி முடித்தபிறகு, என் அப்பா கறிக்கடை வைத்திருக்கிறார் என்று தெரிந்ததும் வீட்டுக்காரர் "வேறு ஆள் வந்துவிட்டார்கள்" என்று சொல்லிவிட்டார். அடுத்த மாதமும் அந்த வீட்டில் வாடகைக்கு விடப்படும் என்ற பலகை தொங்கியது. ஆட்டைத் துடிக்கவிடக் கூடாது என்று கத்தியைத் தீட்டித் தீட்டி வைப்பவர் என் அப்பா. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் எழுதிவிட்டேன்.

ஈராக்கின் ஷானிதார் குகையில் 1957-ல் கிடைத்த நியாண்டர்தால் (அழிந்துபோன ஓர் ஆதிமனித இனம்) மனிதரைப் பற்றியும் தேடிப் படியுங்கள். இடது கண்ணோரம் நொறுங்கி, வலது கை முழங்கையோடு போய், காலிலும் அடி. ஆனால் முறிவுகளின் விளிம்பெல்லாம் எலும்பு வளர்ந்து மழுங்கியிருக்கிறது, அதாவது காயம் ஆறி அவர் பல வருடம் உயிரோடு இருந்திருக்கிறார். அந்த நிலையில் அவர் தனியாகப் பிழைத்திருக்க முடியாது, யாரோ சோறு போட்டிருக்கிறார்கள் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. இந்தச் செய்தி மட்டும் ஏன் யாருக்கும் தலைப்பாகத் தோன்றுவதில்லை?

தடங்களைப் பற்றி மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள், படிக்கிறேன். கறி தின்பது சரியா தவறா என்று ஆரம்பிப்பவர்களுக்குப் பதில் தரமாட்டேன்.