கடற்கொள்ளைக்காரியா, அரசியா?

கேள்வி: ரோமை எதிர்த்த இல்லிரிய (அட்ரியாட்டிக் கடலின் கிழக்குக் கரை நாடு) அரசி டியூட்டாவைக் கடற்கொள்ளைக்காரி என்றே எங்கும் படிக்கிறேன். அது சரியா?

பதில்: நானும் முதலில் அப்படித்தான் படித்தேன். அப்புறம் யார் சொன்னது என்று தேடினால், பெரும்பாலும் பொலிபியஸிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. டியூட்டா காலத்துக்குப் பிறகு பிறந்த கிரேக்க வரலாற்றாசிரியர் அவர். ரோமப் பிரபுக்களுக்கு நெருக்கமானவர். டியூட்டா தரப்பில் எழுதிய ஒரு வரிகூட நம் கையில் இல்லை.

கி.மு. 231இல், ஒரு போர் வெற்றியைக் குடித்துக் கொண்டாடிய அவருடைய கணவர், அரசர் ஆக்ரோன் நோயுற்றுச் சில நாளில் இறந்தார். வாரிசு பின்னஸ் சிறுவன், அதுவும் மூத்தாள் மகன். அவனுக்காக டியூட்டா ஆட்சியை ஏற்றார். அவருடைய வீரர்கள் தெற்கே இருந்த எபிரஸ் நாட்டின் செல்வ நகரமான பீனிக்கேயைப் பிடித்தார்கள். லெம்பஸ் என்னும் வேகப் படகுகளில் போய் இத்தாலிய வணிகர்களைக் கொள்ளையடித்தார்கள், கொன்றார்கள். இதை நான் மறைக்க மாட்டேன்.

முறையிட ரோமிலிருந்து கொருங்கானியஸ் சகோதரர்கள் தூதர்களாக வந்தார்கள். 'அரசின் பெயரால் உங்களுக்குத் தீங்கு வராமல் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் குடிமக்கள் கடலில் கொள்ளைப் பொருள் தேடிக்கொள்வதைத் தடுப்பது எங்கள் அரசர்களின் வழக்கமில்லை' என்றார் டியூட்டா. இளைய தூதர், அந்த வழக்கத்தை நாங்கள் மாற்ற வைப்போம் என்று முகத்துக்கு நேரே சொன்னார். திரும்பும் வழியில் அவர் கொல்லப்பட்டார். ஆள் அனுப்பியது டியூட்டாதான், பெண்புத்தியில் வந்த கோபம் என்கிறார் பொலிபியஸ். பின்னாளில் எழுதிய வரலாற்றாசிரியர் அப்பியனோ, தூதர் கொலை ஆக்ரோன் உயிரோடு இருந்தபோதே கடலில் நடந்தது என்கிறார். இவ்வளவு பெரிய முரண்பாடு இருக்கும்போது, பழியை முழுக்க டியூட்டா தலையில் கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கி.மு. 229இல் ரோம் 200 கப்பல்களை அனுப்பியது. டியூட்டாவின் தளபதி டெமெட்ரியஸ் கொர்சைரா (இன்றைய கோர்ஃபு) தீவை ரோமரிடம் காட்டிக்கொடுத்தார். அரசி ரிசோன் கோட்டைக்குள் ஒதுங்கினார். இன்று அது மாண்டினீக்ரோவின் ரிசான். மறு ஆண்டு உடன்படிக்கை: கப்பம் கட்ட வேண்டும், பெரும்பகுதி நிலத்தை விட்டுத்தர வேண்டும், லிஸ்ஸஸுக்கு (இன்றைய அல்பேனியாவின் லெஷே) தெற்கே இரண்டு படகுக்கு மேல் போகக் கூடாது, அவற்றிலும் ஆயுதம் இருக்கக் கூடாது. தோற்றுப்போன ஒருவரிடம் படகை எண்ணி ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள்!

அல்பேனியாவின் 100 லெக் நாணயத்தில் அவர் முகத்தைப் பொறித்திருக்கிறார்கள். அங்கே அவர் அரசிதான்.