அட்டைப்படத்தில் யார்? வாசகர் கேள்விகள்

டிசம்பர் நெருங்கினால் அமெரிக்காவின் 'டைம்' இதழ் யாரை ஆண்டின் மனிதராக அறிவிக்கப்போகிறது என்ற பேச்சு நம் தென்னாப்பிரிக்க டர்பனிலும் கிளம்பிவிடும். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியே இருந்ததால், அவற்றுக்கு மட்டும் பதில் தருகிறேன்.

அக்கா, ஹிட்லரையே 'ஆண்டின் மனிதர்' என்று போட்ட பத்திரிகை அது என்கிறான் என் மகன். நிஜமா? நிஜமென்றால் அந்தப் பட்டத்துக்கு என்ன மதிப்பு?
*வாசகர், சாட்ஸ்வொர்த்*

உங்கள் மகன் சொல்வது நிஜம். 1938ஆம் ஆண்டுக்கு ஹிட்லர். ஸ்டாலின் இரண்டு முறை, 1939க்கும் 1942க்கும். 1979க்கு ஈரானின் கொமேனி. நல்லதோ கெட்டதோ, அந்த ஆண்டின் செய்திகளை யார் அதிகம் பாதித்தார்கள் என்பதுதான் அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல்.

ஆனால் அந்த ஹிட்லர் அட்டையை உங்கள் மகன் பார்த்திருக்கிறானா என்று கேளுங்கள். வழக்கமாக அட்டை முழுக்க ஒரு முகம் இருக்கும். இதில் அப்படி இல்லை. பிரம்மாண்டமான ஓர் ஆர்கன் வாத்தியம். அதன் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்து வாசிக்கும் சின்னஞ்சிறு உருவம்தான் ஹிட்லர். மேலே ஒரு சக்கரம், அதில் தொங்கும் மனித உடல்கள். வரைந்தவர் ருடால்ஃப் வான் ரிப்பர், நாஜிகளின் முகாமில் அடைபட்டு வெளியே வந்த ஓவியர். அந்த அட்டையைப் பார்த்த யாரும் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டிருக்க முடியாது. யாரைப் போடுகிறோம் என்பதைப் போலவே எப்படிப் போடுகிறோம் என்பதும் பத்திரிகையின் கையில்தான் இருக்கிறது. எனக்கு அந்த அட்டைமேல் மிகுந்த மரியாதை உண்டு.

இந்த வழக்கம் தொடங்கியதே ஒரு விடுபடலைச் சரிசெய்யத்தான் என்பார்கள். 1927 மே மாதம் அட்லாண்டிக் கடலைத் தனியாக விமானத்தில் கடந்தார் லிண்ட்பெர்க். உலகமே பேசியது. டைம் மட்டும் அவரை அட்டையில் போடவில்லை. ஆண்டுக் கடைசியில் பெரிய செய்தி எதுவும் இல்லாத வாரத்தில், 'ஆண்டின் மனிதர்' என்று அவரைப் போட்டார்கள். அடுத்த மூன்றே ஆண்டுகளில், 1930க்கு, நம் டர்பனில் வக்கீலாகக் கப்பலிலிருந்து இறங்கிய காந்தி அந்த இடத்துக்கு வந்தார். உப்புச் சத்தியாகிரக ஆண்டு அது. அந்த இதழ் 1931 ஜனவரியில் வெளியானபோது அவர் எரவாடா சிறையில் இருந்தார். சிறைக் கைதியை அட்டையில் போடவும் இந்த அளவுகோல்தானே இடம் தந்தது!

'டைம் 100' என்பதும் இதுவும் ஒன்றா?
*வாசகி, டோங்காட்*

இல்லை. அது செல்வாக்குள்ள நூறு பேரின் பட்டியல். 1999இல் இருபதாம் நூற்றாண்டுக்காக முதலில் வந்தது. 2004 முதல் ஆண்டுதோறும் வருகிறது. முதல் இடம், இரண்டாம் இடம் என்று வரிசை கிடையாது. ஒவ்வொருவரைப் பற்றியும் இன்னொரு பிரபலம் சிறு குறிப்பு எழுதுவார். எனக்கு இதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. பிரபலத்தைப் பிரபலம் புகழும்போது பாராட்டு நிறையக் கிடைக்கிறது, தகவல் குறைந்துவிடுகிறது.

வாசகர் வாக்கெடுப்பில் 2014இலும் 2016இலும் மோடிதான் முதலிடம். ஆனால் அட்டையில் வேறு யாரோ வந்தார்கள். மக்கள் தீர்ப்பை மதிக்காத பத்திரிகைக்கு வாக்கெடுப்பு எதற்கு?
*வாசகர், லெனேசியா*

வாக்கெடுப்பு வாசகர்களுடையது, தேர்வு ஆசிரியர் குழுவுடையது. இரண்டும் தனித்தனி என்பதை அவர்கள் மறைத்ததே இல்லை. இணைய வாக்கை எப்படியெல்லாம் வளைக்கலாம் என்பதற்கு அவர்களிடமே உதாரணம் உண்டு: 2009இல் 'டைம் 100' வாக்கெடுப்பில் ஓர் இணையதள நிறுவனரை அவருடைய ரசிகர்கள் திட்டமிட்டு முதலிடத்துக்கு ஏற்றிவிட்டார்கள். நம் நாட்டிலும் 2004இல் எஸ்ஏபிசி 3 தொலைக்காட்சி நடத்திய மகத்தான தென்னாப்பிரிக்கர் வாக்கெடுப்பு நினைவிருக்கிறதா? மண்டேலா முதலிடம், சரி. ஆனால் அதே நூறு பேரில் நிறவெறிச் சட்டங்களைக் கட்டி எழுப்பிய வெர்வூர்டும் வந்துவிட்டார். அதனால் பொறுப்போடு தேர்வு செய்ய ஒரு குழு வேண்டும் என்பதுதான் என் கட்சி.

அப்புறம், 2014இல் வந்த அந்த 'வேறு யாரோ' யார் தெரியுமா? எபோலா நோயோடு மல்லுக்கட்டிய மருத்துவர்கள், தாதிகள், ஆம்புலன்ஸ் ஊழியர்கள். அவர்களில் பலர் நம் ஆப்பிரிக்கக் கண்டத்துக்காரர்கள். ஐந்து விதமான அட்டைகள் வந்தன. அதில் ஒன்றில் லைபீரியாவைச் சேர்ந்த சலோமே கார்வா என்ற இளம்பெண். பெற்றோரை எபோலாவுக்குப் பறிகொடுத்தவர். தானும் நோயில் விழுந்து பிழைத்தவர். பிழைத்தவருக்கு அந்த நோய் உடனே திரும்ப வராது என்பதால், தன்னைக் காப்பாற்றிய அதே சிகிச்சை முகாமுக்கு வேலைக்குப் போனார். மற்றவர்கள் தொடப் பயந்த நோயாளிகளைத் தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டி, சோறு ஊட்டினார்.

2017 பிப்ரவரியில் அவருக்கு அறுவை சிகிச்சையில் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு வந்த பிறகு வலிப்பு கண்டது. மறுபடி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எபோலாவிலிருந்து பிழைத்தவர் என்பதால் அங்கிருந்தவர்கள் அவரைத் தொடவே பயந்தார்கள் என்று குடும்பத்தார் சொன்னார்கள். அவர் இறந்துவிட்டார். உலகமே பார்த்த அட்டைப்படம் அவர் ஊரில் அந்தப் பயத்தைத் துளிகூடப் போக்கவில்லை. இதை நமக்குச் சொன்னதும் டைம் இதழ்தான். இரண்டு வருடம் முன்பு அட்டையில் போட்டவரை மறந்துவிடாமல், அவர் எப்படிச் செத்தார் என்று விசாரித்து எழுதினார்கள். ஒருவரைக் கொண்டாடிய பத்திரிகைக்கு அந்தக் கடமை உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். மோடிக்கு ஓர் அட்டை குறைந்ததில் யாருக்கும் நஷ்டம் இல்லை. சலோமேயை நானும் நீங்களும் வேறு எப்படித் தெரிந்துகொண்டிருப்போம், சொல்லுங்கள்.

மண்டேலாவுக்குத் தனியாக அந்தப் பட்டம் கிடைக்கவே இல்லையாமே?
*வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்*

ஆமாம். 1993இல் மண்டேலா, டி கிளர்க், இஸ்ரேலின் ராபின், பாலஸ்தீனத்தின் அராஃபத் நால்வரையும் 'சமாதானம் செய்தவர்கள்' என்று சேர்த்துப் போட்டார்கள். உடன்படிக்கைக்கு இரு தரப்பும் வேண்டும் என்ற நியாயம் புரிகிறது. இருபத்தேழு ஆண்டு சிறையில் இருந்தவரையும், சிறை வைத்த அரசின் தலைவரையும் ஒரே தட்டில் வைத்தது எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை.

நம் மக்களை இப்படிக் கொண்டாடிய பத்திரிகை இங்கே உண்டா?
*தமிழ் வகுப்பு மாணவி, ஃபீனிக்ஸ்*

உன் வீட்டுக்குப் பக்கத்திலேயே அச்சடித்தார்களம்மா! காந்தி நடத்திய 'இந்தியன் ஒப்பீனியன்' 1903இல் டர்பனில் தொடங்கியது. ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என்று நான்கு மொழிகளில் வந்தது. அடுத்த ஆண்டே அச்சகம் ஃபீனிக்ஸ் குடியிருப்புக்கு வந்துவிட்டது. 1914 கடைசியில், இங்கே இந்தியர்கள் நடத்திய சத்தியாகிரகப் போராட்டத்தின் நினைவாக, 'பொன் மலர்' என்று ஒரு சிறப்பிதழ் போட்டார்கள். காந்தி அப்போது நாட்டைவிட்டே போயிருந்தார். போராட்டத்தில் நின்றவர்களைப் பற்றிப் படங்களோடும் கட்டுரைகளோடும் வந்த மலர் அது. எந்த ஆண்டு மலரையும் நான் அதோடு வைத்துத்தான் பார்ப்பேன்.

அந்தப் போராட்டத்தில் யார் யார் இருந்தார்கள் என்று பார். மொரிஷியஸில் பிறந்து, ஜோகன்னஸ்பர்க் தமிழர்களைத் திரட்டி, திரும்பத் திரும்பச் சிறைக்குப் போன தம்பி நாயுடு. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த வள்ளியம்மை. தமிழ்நாட்டில் 'தில்லையாடி வள்ளியம்மை' என்று கொண்டாடுகிறார்களே, தில்லையாடி பெற்றோர் வழி வந்த ஊர். 1913இல் பெண்களோடு சேர்ந்து நியூகாசில் பக்கம் போய், சுரங்கத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தவள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையில் கடுங்காவல். காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தாள். பதினாறு வயது. அந்த ஜூலையில், நாட்டைவிட்டுக் கிளம்பும் முன், ஜோகன்னஸ்பர்க்கின் பிராம்ஃபான்டைன் மயானத்தில் அவளுக்கும், அவளைப் போலவே போராட்டத்தில் உயிர்விட்ட நாகப்பனுக்கும் நினைவுக் கற்களைத் திறந்து வைத்துவிட்டுத்தான் காந்தி கப்பல் ஏறினார்.

பள்ளிக்கூடத்தில் வள்ளியம்மையைப் பற்றிப் பேசச் சொன்னால், 'வீராங்கனை' என்று பத்து முறை சொல்வதைவிட நியூகாசிலையும் சிறைத் தண்டனையையும் சொல். கேட்பவர்களுக்கு அவள் தெரியவருவாள்.

காவடி, தீமிதி என்றால் பத்திரிகைகளில் அலகு குத்திய படம் மட்டும்தான் வருகிறது. பார்க்கவே சலிப்பாக இருக்கிறது.
*வாசகி, இசிபிங்கோ*

எனக்கும் அதே மனத்தாங்கல்தான். உங்கள் ஊர் மாரியம்மன் கோயில் ஈஸ்டர் திருவிழாவுக்கு எவ்வளவு கூட்டம்! கேமரா கொக்கியையும் வேலையும் தேடிப் போகிறது. விடியற்காலை நாலு மணிக்கே கூடாரத்துக்குப் பின்னால் விறகு அடுப்பு மூட்டி, ஆளுயர அகப்பையால் சோற்றைக் கிளறும் அக்காக்களைத் தேடிப் போவதில்லை. காவடிக்காரர் மயங்கிச் சாயும்போது தோள் கொடுக்க மஞ்சள் தண்ணீரோடு கூடவே நடக்கிற அண்ணன்மாரையும் காணோம். அலகுப் படம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், அது பக்தி. அதன் பக்கத்தில் அடுப்படிப் படமும் வரட்டும், நின்றவர்களின் பெயரோடு.

எங்கள் சங்கம் நவம்பர் 16க்கு மலர் போடுகிறது. சமூகத்தின் செல்வாக்குள்ளவர்கள் பத்துப் பேரைப் போடலாம் என்று இருக்கிறோம். ஆலோசனை சொல்லுங்கள்.
*சங்கச் செயலாளர், ஸ்டேங்கர்*

1860இல் அந்தத் தேதியில் 'ட்ரூரோ' கப்பலில் மதராஸிலிருந்து வந்து இறங்கிய 342 பேரும் ஒப்பந்தக் கூலிகளாகத்தான் வந்தார்கள். அவர்கள் நாளுக்குப் போடும் மலரில் நன்கொடையாளர், முன்னாள் தலைவர், இன்னாள் தலைவர் என்று பத்துப் படம் வரிசையாக நின்றால் எனக்கு வருத்தமாக இருக்கும். நன்கொடையாளருக்குக் கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லுங்கள், அதுவே மரியாதை.

பத்துப் பேர் வேண்டாம், மூன்று பேர் போதும். ஒவ்வொருவருக்கும் இரண்டு பக்கம் கொடுங்கள். என்ன செய்தார், எந்த ஆண்டு, எங்கே, யாருக்குப் பயன்பட்டது என்று அதில் இருக்கட்டும். புகழ்மொழியை அவர் நண்பரிடம் கேட்காதீர்கள். அவரிடம் படித்த பிள்ளையிடமோ, அவர் ஓட்டிய பஸ்ஸில் போனவரிடமோ கேளுங்கள். உங்கள் பழைய மலரில் வந்தவர்களில் ஒருவரை மறுபடி போய்ப் பார்த்து, இப்போது எப்படி இருக்கிறார் என்று ஒரு பக்கமாவது எழுதுங்கள். குடும்பங்களிடம் பழைய படம் வாங்கும்போது, இடமிருந்து வலமாக யார் யார் என்று பெரியவர்களிடம் அங்கேயே கேட்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். படத்தின் முதுகில் பேனாவால் எழுதாதீர்கள், மை முன்பக்கம் ஊறிவிடும். அச்சுக்குப் போகும் முன் புரூஃபை எனக்கு அனுப்புங்கள், பெயர்களை நான் ஒரு முறை பார்த்துத் தருகிறேன்.