கையெழுத்து இருக்கட்டும், முதலில் விலையைப் பாருங்கள்

கேள்வி: புதுமைப்பித்தன் கதைத்தொகுப்பு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 'முதல் பதிப்பு' என்று அச்சாகியிருக்கிறது, விலை ரூ. 3.50. உள்ளே மையில் கையெழுத்து. தரகர் 25 ஆயிரம் கேட்கிறார். வாங்கலாமா?

வேண்டாம். பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. புதுமைப்பித்தன் 1948 ஜூனில் காலமானார். 1957 ஏப்ரலுக்கு முன் நம்மிடம் தசம நாணயமே (ரூபாய்க்கு நூறு பைசா என்ற கணக்கே) கிடையாது. அப்போதைய புத்தகமென்றால் ரூ. 3-8-0, அதாவது மூன்று ரூபாய் எட்டணா என்று போட்டிருப்பார்கள். இறந்து எட்டு வருஷத்துக்கு மேல் ஆனபின் வந்த அச்சில் அவர் எப்படிக் கையெழுத்துப் போடுவார்?

'முதல் பதிப்பு' என்ற இரண்டு சொல்லை நம்பித்தான் முக்கால்வாசிப் பேர் ஏமாறுகிறார்கள். பதிப்பகம் மாறினால் புதியவர் தன் முதல் அச்சையும் அப்படியே போட்டுக்கொள்வார். எழுத்தாளரின் நூல்கள் நாட்டுடைமை ஆகி, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றாகிவிட்டால் ஆளுக்கொரு முதல் பதிப்பு! கேட்க நாதியில்லை. 1954 சட்டப்படி சென்னை கன்னிமாரா நூலகத்துக்குப் போக வேண்டிய பிரதியைப் பதிப்பகத்தார் எல்லோரும் ஒழுங்காக அனுப்பியிருந்தால் பாதி வழக்கு அங்கேயே தீர்ந்திருக்கும்.

'பைண்டிங் மட்டும் புதுசு சார்' என்று தரகர் சொன்னால் உஷாராகுங்கள். சிதைந்த அசல் பிரதியின் தலைப்புத் தாளை எடுத்துப் பிந்தைய அச்சில் ஒட்டி, காலிகோ துணி அட்டை போட்டுத் தருவது பழைய வித்தை. 16 பக்கப் பாரத்தில் (ஒன்றாக அச்சடித்து மடித்துத் தைக்கும் எட்டுத் தாள் கட்டில்) முதல் தாளும் எட்டாம் தாளும் மடித்த ஒரே காகிதம். தையலோரம் மெல்ல விரித்துப் பாருங்கள். முதல் தாள் மட்டும் பசையில் நின்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

மைக்குப் பத்து மடங்கு லென்ஸ் போதும். பழைய தாளில், மை பரவாமல் தடுக்கும் பசைப்பூச்சு செத்திருக்கும். அதில் இன்று பவுண்டன் பேனா வைத்தால் கோட்டோரம் பிசிறும். பூச்சித் துளையின் உள்விளிம்பில் மை இறங்கியிருந்தால், துளை விழுந்தபின் எழுதியது.

பிசிறினாலே போலி, பால்பாயின்ட் என்றாலே போலி என்று முடிவுகட்டாதீர்கள். புதுமைப்பித்தன் விஷயத்தில் அது சரி. ஜெயகாந்தன் 2015 வரை இருந்தார். தன் 1960களின் புத்தகத்தை ஒரு வாசகர் முப்பது வருஷம் கழித்து நீட்டினால், கையில் கிடைத்த பேனாவால் போட்டிருப்பார். தாள் அதற்குள் பழசாகிவிட்டதால் மையும் பிசிறியிருக்கும். எப்போது எழுதியது என்பதைத்தான் மை சொல்லும். யார் எழுதியது என்று சொல்லாது. அதற்கு, தேதி தெரிந்த வேறு கையெழுத்தோடு ஒப்பிட வேண்டும்.

உங்கள் பிரதியைப் படிப்பதற்காக இருநூறு ரூபாய்க்குத் தந்தால் வாங்குங்கள். கையெழுத்துக்கென்று தனியாக ஒரு நயா பைசாகூட வேண்டாம்.