காலாவதியாகப் போகும் விமான வவுச்சரை மட்டக்களப்பில் இருந்துகொண்டு எப்படிப் பயன்படுத்துவது?

கேள்வி இதுதான்: சென்னைக்குப் போட்ட டிக்கெட்டை விமானக் கம்பனியே ரத்துச் செய்துவிட்டு, காசுக்குப் பதில் பிறகு டிக்கெட் எடுக்க வவுச்சர் தந்திருக்கிறது. அடுத்த மாதம் முடிகிறது, இப்போதைக்குப் பயணம் போக வசதியில்லை, காசு அவ்வளவுதானா?

அவ்வளவு சீக்கிரம் கைவிடாதீர்கள். வவுச்சரில் போட்டிருக்கும் தேதி எதற்கான தேதி என்று முதலில் பாருங்கள். பல கம்பனிகளில் அது பறக்க வேண்டிய கடைசி நாள் அல்ல, டிக்கெட் பதிய வேண்டிய கடைசி நாள். நிபந்தனையில் 'புக் பை' என்று இருந்தால், அடுத்த மாதத்துக்குள் பதிந்துவிட்டு ஆறேழு மாதம் தள்ளிப் போகலாம். 'டிராவல் பை' என்றால்தான் ஓட வேண்டும்.

இன்னொன்று, ரத்துச் செய்தது அவர்கள். ஆகவே வவுச்சர் வேண்டாம், காசாகத் தாருங்கள் என்று எழுத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இருந்து புறப்படும் விமானம் என்றால், அந்த ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டின் 261ஆம் இலக்கச் சட்டப்படி, பயணி கையொப்பமிட்டுச் சம்மதித்தால்தான் காசுக்குப் பதில் வவுச்சர் கொடுக்கலாம். சுவிஸ், ஜெர்மனியில் சொந்தக்காரர் இருந்தால் அவர்களிடமும் சொல்லிவையுங்கள். நம் பக்கத்துப் பயணங்களுக்கு அந்தச் சட்டம் கைகொடுக்காது. கேட்பதால் நட்டமும் இல்லை.

சரி, வவுச்சரைத்தான் பாவிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊரில் பெரும்பாலானோர் டிக்கெட் எடுப்பது டவுனில் இருக்கும் ஏஜென்சியில். அப்போது பதிவில் போகும் மின்னஞ்சல் உங்களுடையதல்ல, ஏஜென்சியுடையது. வவுச்சர் இலக்கமும் அங்கேதான் போய் விழும். என்னுடையது அப்படித்தான், ஆயிரம் விளம்பரங்களுக்கு நடுவே அவர்களின் பெட்டியில் கிடந்தது. கடையில் இருந்த தம்பிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, பழைய டிக்கெட்டில் இருந்த ஆறெழுத்து பிஎன்ஆரை, அதாவது பதிவு இலக்கத்தை, அடித்துத் தேடச் சொன்னேன், வந்தது. பெயரையோ தேதியையோ போட்டுத் தேடுவதைவிட இது சுலபம். சில கம்பனிகள், ஏஜென்ட் மூலம் எடுத்த டிக்கெட்டின் வவுச்சரை அதே ஏஜென்ட் மூலம்தான் பாவிக்க விடும். அதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த தலையிடி பெயர். தகப்பன் பெயர் முன்னுக்கு, நம் பெயர் பின்னுக்கு, ஒருவர் குடும்பப் பெயர் என்று போட்டதை இன்னொருவர் முதற்பெயர் என்று போடுவார். வவுச்சரில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே அடிக்காவிட்டால் சில இணையதளங்கள் 'இலக்கம் தவறு' என்றே சொல்லும், பெயர்தான் பிழை என்று சொல்லாது. கலியாணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட் மாற்றிய பெண்களுக்கு இது இன்னும் சிக்கல். அவர்கள் இணையத்தோடு மல்லுக்கட்டாமல் கம்பனிக்கு எழுதுவது நல்லது. பெயர் திருத்தம் கேட்டால் பதில் வர நாளெடுக்கும், இன்றைக்கே அனுப்புங்கள்.

கடைசி நாள் வரைக்கும் விடவும் வேண்டாம். நள்ளிரவு என்று போட்டிருப்பது கம்பனியின் ஊர் நள்ளிரவாக இருக்கலாம். சிங்கப்பூர் நேரம் என்றால் நமக்கு இரவு 9.30க்கே முடிந்துவிடும்.

எந்த மாதத்தில் போவது? ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் பாடசாலை விடுமுறையை விட்டுவிடுங்கள். ஆடி அமாவாசைக்கு நம் ஊர் மாமாங்கம் கோயிலுக்கு வரும் வெளிநாட்டுச் சனம் திரும்பும் நாட்களிலும் விலை ஏறித்தான் நிற்கும். மற்ற நாட்களில் பார்த்தால் வவுச்சர் பெறுமதிக்குள் அடங்க வாய்ப்புண்டு. மிச்சப் பணம் கையில் வருமா, புதிய வவுச்சராக நிற்குமா, அப்படியே போய்விடுமா என்பதையும் பாருங்கள். போய்விடும் என்றால், சரிக்குச் சரி வரும் டிக்கெட்டாகப் பார்த்து எடுங்கள். திருச்சி, மதுரை என்றாலும் சென்னை என்றாலும் இந்திய விசா வேண்டும், இ-விசா இணையத்திலேயே போடலாம். பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும்.

பலரும் மறக்கும் செலவு கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போய்வருவது. மட்டக்களப்பில் இருந்து இரவு பஸ்ஸோ வேனோ எடுத்து, இங்கிருந்து ஏழெட்டு மணித்தியாலம். சின்னத் தொகை வவுச்சர் என்றால் வேன் காசே அதை விழுங்கிவிடும். அதற்காகப் போகத் தேவையில்லாத பயணம் போவதை நான் சொல்லமாட்டேன். வேறு ஆளுக்குப் பதிய அனுமதி இருக்கிறதா என்று நிபந்தனையைப் பாருங்கள். சில கம்பனிகள் விடும். எப்படியும் போகப்போகிற ஒரு மச்சானுக்கோ பக்கத்து வீட்டுக்காரருக்கோ டிக்கெட்டைப் போட்டுக்கொடுத்து, காசைக் கையில் வாங்கிக்கொள்ளலாம். காசை முதலே வாங்குங்கள். பதிந்த பிறகு அவர் மனம் மாறி ரத்துச் செய்தால், திரும்பி வரும் வவுச்சர் பெரும்பாலும் பழைய தேதியோடுதான் வரும்.