கடலில் எடுத்த காசு எரர் காயின் ஆகுமா?

வாசகர் கேள்வி (மண்டபம்): ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் கிடைத்த 10 ரூபாய் நாணயத்தில் நடுவட்டு ஒரு பக்கமாக நகர்ந்து ஆடுகிறது. 2 ரூபாய் ஒன்றின் ஓரம் கடித்ததுபோல் இருக்கிறது. இவை எரர் காயின், அதாவது நாணயம் அச்சிடும் அக்கசாலையிலேயே தவறாக அச்சான காசு என்று சொல்லி, இரண்டுக்கும் 3 லட்சம் தருவதாக வாட்ஸப்பில் ஒருவர் சொல்கிறார். முதலில் பதிவுக் கட்டணம் கேட்கிறார். கட்டலாமா?

கட்டாதீர்கள். வாங்க வருகிறவன் பணம் கொடுப்பான், கேட்க மாட்டான். ரிசர்வ் வங்கி பழைய நாணயத்தை வாங்கி விற்பதும் இல்லை, அதற்குக் கமிஷன் பெறுவதும் இல்லை. 2021 ஆகஸ்டிலேயே இதை அறிக்கையாக விட்டார்கள். வங்கிப் பெயர் போட்ட விளம்பரம் இன்னும் ஊரெல்லாம் சுற்றுகிறது. ஏற்கெனவே கட்டிவிட்டிருந்தால் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ இன்றே அழையுங்கள். நாளைக்குப் பணம் நாலு கணக்கு மாறியிருக்கும்.

இனி 10 ரூபாய். அதில் வெளிவளையமும் நடுவட்டும் தனித்தனித் துண்டுகள். அச்சு விழுகிற அதே அடியில்தான் இரண்டும் இறுகுகின்றன. அதனால் அக்கசாலையிலேயே வட்டு நகர்ந்து அடிபட்டிருந்தால், வட்டுதான் தள்ளியிருக்கும், படம் தள்ளியிருக்காது. கோடும் எழுத்தும் இரண்டு உலோகத்தின் மேலும் அறுபடாமல் ஓடும். பத்து மடங்கு லென்ஸில் இணைப்பைப் பாருங்கள். கோடு அங்கே முறிந்து, வட்டு சற்றுச் சுழன்றும் இருந்தால், யாரோ தட்டிக் கழற்றித் திரும்பச் சொருகியது. உங்களுடையது ஆடுகிறது என்கிறீர்கள். நடுவட்டு உப்புநீரில் குழிகுழியாக அரித்து, விளிம்பு மெலிந்தால் அப்படித்தான் ஆடும். நல்ல காசு சுமார் 7.7 கிராம், நகைக்கடைத் தராசில் வைத்தால் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அரிப்புக்கு யாரும் விலை தர மாட்டார்கள்.

2 ரூபாயில் கடிபட்ட இடத்தை விட்டுவிட்டு, அதற்கு நேர் எதிர் விளிம்பைப் பாருங்கள். அச்சடிக்கும் முன் வெட்டிய தகட்டிலேயே குறை இருந்தால், விளிம்பு எழுப்பும் எந்திரத்தில் எதிர்ப்புறத்துக்கும் அழுத்தம் கிடைக்காமல் அங்கே மேடு மங்கியிருக்கும். எதிர்விளிம்பு கூர்மையாக இருந்து, கடித்த இடத்தில் நேர்கோட்டுக் கீறல்கள் தெரிந்தால் அரம் போட்டது.

ஆண்டுக்குக் கீழே எந்த அக்கசாலை என்று காட்டும் குறி இல்லை, அதனால் எரர் என்று லட்சம் விலை சொல்பவர்களும் உண்டு. கொல்கத்தா அக்கசாலைக் காசுக்குக் குறியே கிடையாது. ஐதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி, மும்பைக்கு வைரம். வைஷ்ணோதேவி படம் போட்ட 2012 காசு நினைவு நாணயம், எரர் அல்ல. விலை பார்க்கும்போது விற்கிறவர் போட்ட விலையை நம்பாதீர்கள். ஏலத்தில் கடைசியாக எவ்வளவுக்குப் போனது என்று மட்டும் பாருங்கள்.

புளி, சாம்பல், எலுமிச்சை எதுவும் போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்த காசின் விலை அப்போதே இறங்கிவிடும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்து, தினம் தண்ணீரை மாற்றினால் உப்பு இறங்கும்.

பழைய துறைமுக ஊரான அழகன்குளம் பக்கம் மண்ணைத் தோண்டும்போது பழங்காசு கிடைத்தால் கதை வேறு. மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். கிடைத்ததைத் தரகரிடம் காட்டாதீர்கள்.