வவ்வாலுக்கு இறக்கை முளைக்கப் புது ஜீன் வந்ததா?

எலிக்கும் வவ்வாலுக்கும் ஜீன்கள் பெரும்பாலும் ஒன்றுதான் என்றால் இறக்கை எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள்.

போன மாதம் அழகர்கோயில் சாலையோரப் புளியமரத்தடியில் ஒரு பழந்தின்னி வவ்வால் இறந்து கிடந்தது. குச்சியால் இறக்கையை விரித்துப் பார்த்தேன். அப்படியே நம் கைதான்! கொக்கி நகத்தோடு கட்டைவிரல், குடைக்கம்பி மாதிரி நீண்ட நான்கு விரல்கள், நடுவே மெல்லிய தோல்.

பழைய ஜீன்களே எங்கே, எவ்வளவு நேரம், எவ்வளவு பலமாக வேலை செய்கின்றன என்பதுதான் முக்கியமாக மாறியது. கருவில் நம் விரல்களுக்கு இடையிலும் சவ்வு உண்டு. பிஎம்பி என்ற புரதங்கள் சைகை கொடுத்ததும் அந்தச் செல்கள் இறந்து விரல்கள் பிரிகின்றன. வவ்வாலின் முன்கையில் கிரெம்லின் என்ற புரதம் அதைத் தடுப்பதால் சவ்வு தங்கிவிடுகிறது. பின்னங்காலிலோ விரல்கள் தனித்தனி. ஒரே உடம்பு, ஒரே ஜீன்கள்! இன்னொரு பக்கம், அதே பிஎம்பி குடும்பத்துப் புரதம் ஒன்று கைவிரல் எலும்பில் கூடுதலாகச் சுரந்து அதை நீளச் செய்கிறது.

சரி, இதற்குச் சோதனை உண்டா? உண்டு. கை கால் எலும்பு நீள உதவும் ஜீன் பிஆர்எக்ஸ்1. அதை இயக்கும் வவ்வாலின் ‘சுவிட்ச்’ டிஎன்ஏவை, எலியின் சொந்த சுவிட்சுக்குப் பதிலாக விஞ்ஞானிகள் எலிக்கு வைத்தார்கள். 2008இல் முடிவு வெளியானது. எலிக்குட்டியின் முன்னங்கால் சுமார் 6 சதவீதம் நீண்டிருந்தது.